மருந்து படாத குடம்

கூக்கால் ஏரிமேல் மூடுபனி இன்னும் விலகவில்லை. அதற்குள் ஜோசப்பின் ஓஸ் பைப்பைத் தோளில் போட்டு பீன்ஸ் தோட்டத்து மேட்டுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டாள். காற்று எழுமுன் மருந்து அடித்தாக வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். முகத்தில் தெறித்தால் முந்தானையில் துடைத்துக்கொள்ளலாம். கையுறையும் முகமூடியும் மருந்து டப்பாவின் படத்தில் மட்டும்தான் இருந்தன.

போன வாரம் இந்த மேட்டில்தான் மருந்தடித்துக்கொண்டிருந்த குழந்தைவேல் மூச்சுத் திணறிச் சாய்ந்தார். இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பீன்ஸ் வேரழுகலுக்கு மருந்து இருக்கிறது. மனுஷன் விழுந்தால் எட்டிப்பார்க்கத்தான் ஆளில்லை.

அவர் விழுவதற்கு முன்பே தொழிலாளர்கள் வேறு வழி கேட்டிருந்தார்கள். விவசாயக் கூட்டத்தில் கொடுத்த நல்ல பாக்டீரியாப் பொடிதான் அந்த வழி. அழுகல் பூஞ்சாணம் வருமுன் வேரில் தான் போய்க் குடியேறி, அதை அண்டவிடாது. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கீழ்ப்பாத்தியில் கரைத்து ஊற்றினார்கள். அந்தப் பாத்தியும் அழுகிப்போனது.

ஜீப் வந்து நின்றது. ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் கடை வைத்திருக்கும் முதலாளி கதிர்வேல் இறங்கினார்.

"என்னம்மா, உங்க நல்ல கிருமியெல்லாம் செத்துப்போச்சா? ட்ரம்முல புது மருந்தக் கலக்குங்க. வெரசா!"

ஜோசப்பின் ட்ரம்முக்குள் குனிந்தாள். உள்சுவரெங்கும் நீலம். மயில்துத்தம் கலக்கிக் கலக்கி ஏறிய கறை. அன்றைக்குப் பொடியையும் இதில்தான் கலக்கினாள். பூஞ்சாணத்தைக் கொல்லும் துத்தம் பாக்டீரியாவை மட்டும் விட்டுவைக்குமா?

மருந்துப் பாத்திரம் ஆகாது என்று கூட்டத்தில் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆனால் தோட்டத்தில் வேறு பாத்திரம் இல்லை; வீட்டுக் குடத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவதில்லை என்பது இங்கே பெண்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. விஷம் பட்ட குடத்தில் பிள்ளைக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது?

"செத்துத்தான் போச்சுங்க. துத்த ட்ரம்முல கலக்கி நான்தான் கொன்னேன்" என்றாள். "இன்னொரு பாத்தி குடுங்க. சுத்தமான பாத்திரத்துல கலக்கி ஊத்துறோம்."

"வெளையாட்டா இருக்கா? பயிர் போனா நீ தருவியா?"

"குழந்தைவேலு அண்ணன் போனா நீங்க தருவீங்களா?"

ஓஸைக் கீழே போட்டாள். குழந்தைவேலுக்குப் பதிலாக மருந்தடிக்க வந்த ஜெயமுருகன் மோட்டாரை அணைத்தான்.

"ஏலே, மோட்டாரப் போடுறா!"

"மாட்டேங்க. அடுத்து விழப்போறது நான்தான்."

"நீங்க இல்லாட்டி ஊர்ல ஆளா இல்ல? இப்பவே கீழ இருந்து கொண்டாறேன்!"

"கூட்டியாங்க. அண்ணன் எங்க கெடக்காருன்னு அவங்ககிட்டயும் சொல்லுவோம்" என்றாள் ஜோசப்பின்.

ஜீப் புழுதி கிளப்பிப் போனது. ஓஸ் இழுக்க வந்திருந்த பெண்கள் உட்பட எல்லோருக்கும் பயம்தான். வேறு தோட்டத்தில் வேலை கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண்களில் மகாதேவி முதலில் வீட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பி வந்தபோது இடுப்பில் குடம். ஊற்றுத் தண்ணீர் தளும்பியது.

"இதுல மருந்து பட்டதில்ல. இனிமே படவும் விடமாட்டோம்" என்று பாத்தி ஓரத்தில் இறக்கினாள்.

அடுத்து ஒருத்தி போனாள். பிறகு இரண்டு பேர். குடங்கள் வரிசையாக வந்து நின்றன. ஜோசப்பின் கைகளைத் தேய்த்துக் கழுவி, மீதிப் பொடியைப் பிரித்துக் கரைத்தாள். அனுமதி கேட்காமலே நடுப்பாத்தியில் வேர் வேராக ஊற்றினார்கள். இது பிழைக்குமா என்று தெரிய நாளாகும்.

வளைவில் ஜீப் சத்தம் மறுபடி ஏறி வந்தது. ஒருவரும் குடத்தை எடுக்கவில்லை.