சுவருக்குப் போகாத வண்டி

சுவரில் மாட்டப் போகிறாராம். என் வண்டியை.

காபி கடை வைத்திருக்கும் அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து இன்ச் டேப்பை உருவி, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை அளந்தார். சௌக்கியமா என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. வண்டி ஓடுமா என்றும் கேட்கவில்லை.

"எஞ்சினுக்குள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்துடுவோம் மேடம். வெயிட் குறைஞ்சாதான் சுவர் தாங்கும். மேல ஒரு லைட் போட்டா சும்மா தகதகன்னு இருக்கும் பாருங்க."

குடலை எடுத்துவிட்டு விளக்குப் போட்டால் யார்தான் தகதகவென்று இருக்க மாட்டார்கள்?

அவரை வரவழைத்தவள் என் மகள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் என் வலது முழங்காலை எடுத்துவிட்டு வேறு முழங்கால் வைத்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம், வண்டியில் உட்காரலாம், ஆனால் வலது காலால் எதையும் உதைக்கக் கூடாது, பந்தைக்கூட, என்று டாக்டர் சொன்னார். இந்த வண்டியில் பட்டனைத் தட்டினால் கிளம்புகிற சமாசாரமெல்லாம் கிடையாது. கிக்கரை உதைத்தால்தான் உண்டு. கிக்கர் இருப்பது வலது பக்கம். இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்து மகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"ஓட்டாத வண்டி எதுக்கும்மா? துருப்பிடிக்கவா? அவர் கடையில நாலு பேராவது பாப்பாங்க."

நாலு பேர் பார்ப்பதற்காக நான் அதை வாங்கவில்லை. நான் பார்ப்பதற்காக வாங்கினேன்.

என் தொழில் பல் செட் செய்வது. இந்தத் தெருவில் என்னைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கும்போது ஒரு முடி அளவு கூடினாலும் போட்டுக்கொள்பவரின் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் யார் வேலையைப் பார்த்தாலும் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். இருபத்தேழு வயதில் எங்கள் லேப் வாசலில் இந்த வண்டி நிற்பதைப் பார்த்தேன். எழுபத்து நாலில் ஜப்பானில் செய்தது. முன்னூற்றைம்பது சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். எஞ்சினைச் சுற்றி, சூடு ஆறுவதற்காக, வரிசையாகத் தகடுகள் இருக்கும். ஒன்றின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலைக் கிழிக்காதபடி மழுக்கியிருந்தது. குனிந்து, கண்ணுக்கே தெரியாத அடித் தகட்டைத் தொட்டேன். அதையும் மழுக்கியிருந்தான். யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காக வேலை செய்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தால் என்ன, எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

வண்டியின் சொந்தக்காரர் நிலம் அளக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். நாட்டை விட்டுப் போகிறவர், விற்றுத்தான் ஆக வேண்டும். ஆனாலும், "பொம்பளையால இதைக் கிக் பண்ண முடியாதும்மா" என்றார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு உதை விட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

அப்படி வந்த வண்டியை, எஞ்சினை உருவிச் சுவரில் அறைவதற்கா கொடுப்பேன்?

என் வீட்டுக்காரரை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நூலகத்தில் பழைய புத்தகங்களுக்குத் தையல் போட்டு அட்டை கட்டியவர். நல்ல மனிதர், வாயில்லாப் பூச்சி. முப்பத்தொரு வருடமாக என் பின்னால் உட்கார்ந்து வருகிறாரே தவிர, வண்டியில் எது பெட்ரோல் மூடி, எது ஆயில் மூடி என்றுகூட அவருக்குத் தெரியாது. மகள் விற்கலாம் என்று சொன்ன அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். "பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான். ஐந்து மாதமும் அதே "பாக்கலாம்". மகள் எதிர்த்ததுகூட எனக்கு வலிக்கவில்லை. இவர் என் பக்கம் ஒரு வார்த்தை பேசாததுதான் வலித்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நான் மகளிடம் சொன்னேன்: "இடது காலால ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்."

அவள் சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

"சரி. மூணு கிக். ஸ்டார்ட் ஆச்சுன்னா இந்த வண்டியைப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன். ஆகலைன்னா அவர் எடுத்துட்டுப் போகட்டும். அழக் கூடாது, சண்டை போடக் கூடாது."

"சரி" என்றேன்.

மூன்று வாரம் தினமும் பழகினேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் வலது பக்கம் தரையில் நின்றுகொண்டு, இடது காலைத் தூக்கிக் கிக்கரில் வைத்து அழுத்த வேண்டும். முதல் நாள் கால் வழுக்கிக் கெண்டைக்காலில் தோல் உரிந்தது. எதிர்வீட்டுக்காரர் சன்னலில் நின்று, "பல்லக்கா, என்ன டான்ஸா?" என்றார். "டிக்கெட் எடுத்துட்டுப் பாருங்க" என்றேன். நாலாம் நாள் பத்து உதைக்கு ஒருமுறை கிளம்பியது. மூன்றாவது வாரம் மூன்று உதைக்கு ஒருமுறை. சில நாள் இரண்டிலேயே.

ராத்திரி தொடையில் தைலம் தேய்த்துக்கொண்டு முனகினேன். "இந்தக் கம்ப்ரஷன்தான் என் உயிரை எடுக்குது."

"அப்படின்னா?" என்றார் வீட்டுக்காரர். என் வண்டியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"உள்ள காத்து அடைபட்டுக்கிட்டு காலை எதிர்த்து முட்டும். அதை மீறி அழுத்தணும்."

"ம்" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துடைத்து என் கையாலேயே இறுக்கி வைத்தேன். ஒரு உதை விட்டேன். உடனே கிளம்பியது. நிம்மதியாகத் தூங்கினேன்.

இதோ இப்போது ஞாயிறு. காபி கடைக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கேட்டோரம் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். மகள் கை கட்டிக்கொண்டு வாசற்படியில். வீட்டுக்காரர் அவளுக்குப் பின்னால், என் கண்ணைப் பார்க்காமல்.

பெட்ரோலைத் திறந்தேன். சோக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பினேன். இடது காலை வைத்து உடம்பை இறக்கினேன்.

கிக்கர் சர்ரென்று அடிவரை போய்விட்டது. எதிர்ப்பே இல்லை. மாடிப்படியில் இல்லாத படியை மிதித்த மாதிரி தடுமாறி, சீட்டைப் பிடித்து நின்றேன்.

"ஒண்ணு" என்றாள் மகள். குரலில் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் சர்ர். சிலிண்டர் தலையிலிருந்து புஸ் என்று ஒரு சத்தம்.

"ரெண்டு."

"விடுங்க மேடம், வயசான வண்டி" என்றார் காபி கடைக்காரர்.

வயசான வண்டியா? முந்தின நாள் முதல் உதையில் கிளம்பிய வண்டி! குனிந்து பிளக்கில் கை வைத்தேன். லொடலொடவென்று ஆடியது. அடுத்ததும் ஆடியது. இரண்டையும் யாரோ நாலு சுற்று தளர்த்தியிருக்கிறார்கள். காற்று அந்த வழியாகத்தான் புஸ்ஸென்று போகிறது. காற்று அடைபடாவிட்டால் இந்த ஜென்மத்தில் வண்டி கிளம்பாது.

"யாரு இதுல கை வெச்சது?" என் சத்தத்தில் எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது.

நான் காபி கடைக்காரரைத்தான் பார்த்தேன். அவர் டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் அளந்ததோட சரிங்க!" என்றார். மகளைப் பார்த்தேன். "சத்தியமா எனக்கு இதுல எது எங்க இருக்குன்னே தெரியாதும்மா!"

அப்போதுதான் வீட்டுக்காரரின் கால்சட்டைப் பை கண்ணில் பட்டது. கனமாக ஒரு பக்கம் இழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது என் பிளக் ஸ்பேனர்.

"நீங்களா?"

தலை குனிந்தபடியே சொன்னார். "கம்ப்ரஷன்தான் உயிரை எடுக்குதுன்னு சொன்னியே. அந்தக் காத்து கொஞ்சம் வெளிய போறதுக்கு வழி பண்ணிட்டா, உனக்கு லேசா இருக்கும்னு நினைச்சேன். விடியகாலைல எழுந்து... காத்து எந்த வழியா வெளிய போகும்னு எதிர்வீட்டுக்காரர்கிட்ட கேட்டுத்தான் லூஸ் பண்ணினேன். நீ ஜெயிக்கணும்னுதான்."

எதிர்வீட்டுச் சன்னல் மெல்ல மூடிக்கொண்டது.

இந்த மனிதரை என்ன செய்வது? ஐந்து மாதமாக என் பக்கம் யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒன்றும் தெரியாத மனிதர் ஸ்பேனரோடு இறங்கி, என்னைத் தோற்கடிக்கிற அளவுக்கு என் பக்கம் இருந்திருக்கிறார்.

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிம்மா, அந்த ரெண்டும் கணக்குல இல்ல. முதல்லேருந்து ஆரம்பி" என்றாள்.

"கணக்குல இருக்கு" என்றேன். "எனக்கு ஒண்ணு போதும்."

ஸ்பேனருக்காகக் கையை நீட்டினேன். வீட்டுக்காரர் கொடுத்தார், ஆனால் விடவில்லை. "இறுக்கிட்டா மறுபடியும் கஷ்டமா இருக்குமே. உன் முட்டி?"

"கஷ்டமாத்தான் இருக்கணும். எதிர்த்து முட்டினாத்தான் அது வண்டி. அப்புறம், என் உடம்புல இருக்கிறதிலேயே புதுசு இந்த முட்டிதான். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

இரண்டு பிளக்கையும் கழற்றித் துடைத்தேன். முதலில் விரலால் திருகி, பிறகு ஸ்பேனரால் ஒரு இழுப்பு. கிக்கரைக் காலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். பாதி தூரத்தில் நின்று முட்டியது. வா மகனே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். புது முழங்காலில் உடம்பு முழுவதையும் நிறுத்தி, இடது காலைத் தூக்கினேன். நிலம் அளந்தவரையும், டாக்டரையும், டேப்பையும், சுவரையும் சேர்த்து ஒரே மிதியாக மிதித்தேன்.

பிடித்துக்கொண்டது. இரண்டு சைலன்சரிலிருந்தும் நீலப் புகை வாசலை அடைத்தது. காபி கடைக்காரர் வெள்ளைச் சட்டையோடு இருமிக்கொண்டே பின்வாங்கினார். எஞ்சின் சத்தம் தரை வழியாக என் உள்ளங்காலுக்கு ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால் என்று நீங்கள் நினைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஸ்டாண்டை எடுத்து ஏறி உட்கார்ந்தேன். வலது காலுக்கு இனி பிரேக் மட்டும்தான் வேலை.

மகள் உள்ளே ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். கையில் ஹெல்மெட்.

"போட்டுக்கோ."

"வாயே திறக்க மாட்டேன்னு சொன்னே?"

"வண்டியைப் பத்தித்தான் சொன்னேன். உன் தலையைப் பத்திச் சொல்லல." இன்னொரு கையிலிருந்த ஹெல்மெட்டை அப்பாவின் தலையில் கவிழ்த்தாள். "இவரையும் கூட்டிட்டுப் போ. இங்க விட்டா அடுத்து என்னத்தைக் கழட்டுவாரோ."

அவர் ஏறி, வழக்கம்போல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முதல் கியரைப் போட்டேன். கேட்டுக்கு நடுவில் காபி கடைக்காரர் இன்னும் டேப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"அளந்து முடிச்சாச்சுல்ல சார்?" என்றேன். "கொஞ்சம் வழி விடுங்க."