ஆறு வரி, ஐந்து புள்ளி

கண்ணாடிக் கடையில் அன்றுதான் சின்னவளின் கைக்கு டிரில்லிங் மிஷின் வந்திருந்தது. கடை அவளுடைய அக்காவின் கணவருடையது. இதுவரை அவளை விளிம்பு தீட்டும் வேலையிலேயே வைத்திருந்தவர், காலையில் மனம் இரங்கினார்.

"இந்த ஒரு வட்டத்தைச் சரியாத் துளைச்சிடு, மிஷின் உன்னோடது. தப்பாச்சுன்னா பழையபடி உப்புத்தாள்தான்மா."

மேசைமேல் கிடந்தது நீரூற்று ஒன்றுக்கான வட்டக் கண்ணாடி. குழாய்கள் மேலே வருவதற்கான துளைகளை, நீரூற்று அமைக்கும் தம்பதியர் ஆறு வரிகளில் குறித்து அனுப்பியிருந்தனர். வரிக்கு இரண்டு எண்கள்: நடுப்புள்ளியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், நடுவிலிருந்து வலப்பக்கம் போகும் கோட்டிலிருந்து இடஞ்சுழியாக எத்தனை டிகிரி.

முதல் வரியே அவளைத் திகைக்க வைத்தது. தொலைவு பூஜ்யம், கோணம் நாற்பத்தைந்து.

"எங்கேயும் போகாத ஆளுக்குத் திசை எதுக்கு அத்தான்?"

"எங்க அண்ணன் மாதிரி போல. வீட்டை விட்டு நகர மாட்டான், வழி மட்டும் விசாரிப்பான். நடுவுல வை."

வைத்தாள். அடுத்த நான்கிலும் தொலைவு நாற்பது. கோணம் முப்பது, நூற்றிருபது, இருநூற்றுப் பத்து, முந்நூறு. கோணமானியைத் திருப்பித் திருப்பி நான்கு புள்ளிகளை இட்டாள். கடைசி வரியில் கை நின்றுவிட்டது. மைனஸ் நாற்பது, முப்பது டிகிரி.

"மைனஸ் இடம் மாறி விழுந்திருக்கும்," என்றார் அத்தான். "முப்பதுக்கு முன்னால இருக்கணும். கோட்டுக்குக் கீழ முப்பது, அவ்வளவுதான்."

"இல்ல அத்தான். ஸ்கூல்ல சொன்னாங்க. முப்பதைப் பார்த்து நின்னுக்கிட்டுப் பின்பக்கமா நடக்கணும்."

"கண்ணாடி மேலயா நடக்கப் போற?"

அவள் அளவுகோலை முப்பதில் பொருத்தி, நடுப்புள்ளியைத் தாண்டி எதிர்ப்பக்கம் நாற்பது அளந்தாள். பேனா முனை ஏற்கெனவே இட்டிருந்த இருநூற்றுப் பத்தின் புள்ளியிலேயே போய் உட்கார்ந்தது. துடைத்தாள். மறுபடி அளந்தாள். அதே புள்ளி. தான் படித்தது பிழையா, அவர்கள் எழுதியது பிழையா? தம்பதியரைத் தொலைபேசியில் அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

சொட்டுச் சொட்டாக நீர் விட்டு ஐந்து துளைகளைப் போட்டாள். பிறகு மிஷினை நிறுத்தினாள்.

"ஆறு கேட்டவங்களுக்கு அஞ்சைக் குடுத்தா மானம் போயிடும்மா!"

"போட்ட துளையை அடைக்க முடியாது அத்தான். போடாததை எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம்."

தம்பதியர் குழாய்ச் சட்டத்தோடு வந்து சேர்ந்தனர். அதில் நின்றவை ஐந்தே குழாய்கள். கண்ணாடி அவற்றின்மேல் உரசலின்றி இறங்கியது. சின்னவள் கடைசி வரியைக் காட்டினாள்.

"இதை யாருங்க எழுதினது?" என்று மனைவி கணவரை முறைத்தார்.

"நீ அந்தக் குழாயை விட்டுட்டேன்னு நெனச்சு நான்தான் சேர்த்தேன்..."

"இருநூத்திப் பத்துன்னு அதைத்தானே எழுதியிருக்கேன்!"

அத்தான் மிஷினைச் சின்னவளின் பக்கமாகத் தள்ளி வைத்தார். ஆனாலும் மனம் ஆறவில்லை போலும்.

"அப்போ பூஜ்யத்துக்கு அந்த நாப்பத்தஞ்சு?"

"எந்தக் கோணம் போட்டாலும் நடுவுலதான் நிக்கும்," என்றார் மனைவி. "ஆனா அதை நான் எழுதல."

"நானும் எழுதல," என்றார் கணவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.