சம்பளத்தில் வெட்டாத ரொட்டி

ஹுஸைன் நானாவுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது ஐயாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். அப்படி ஒரு கடன் இருப்பதே எனக்குத் தெரியாது.

கலஹாத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கடுகண்ணாவைக்கு வந்தது மர மில் வேலைக்கு. பலகை தூக்கும் வேலை. தோள் தாங்கியது, வயிறுதான் தாங்கவில்லை. காலையில் பேக்கரிப் பாண், இல்லாவிட்டால் எண்ணெய் குடித்த பரோட்டா. பத்து மணிக்கே பசி கிள்ளும். ஒரு கடையில் ரொட்டி என்று கொடுத்தார்கள். முழுக்கத் தேங்காய்ப்பூ, வாயில் வைத்ததும் உதிர்ந்தது. எங்கள் ரொட்டி அப்படியல்ல. கோதுமை மாவை இறுக்கிப் பிசைந்து, கையாலேயே தடிப்பாகத் தட்டித் தகரத்தில் சுடுவது. மலையேறிக் கொழுந்து பறிக்கிறவர்களுக்குப் பகல்வரை தாங்க வேண்டுமே. கண்டி டவுன்வரை போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் மில்லுக்கு எதிரே, ஹுஸைன் நானாவின் தேத்தண்ணிக் கடைப் பலகையில் சோக்கால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான்; கடைப் பலகைகளை அவ்வளவாக வாசிப்பதில்லை. இரண்டு தடவை கூட்டி வாசித்த பிறகே நம்பினேன்: 'தோட்டத்து ரொட்டி'.

அடுப்படியில் நின்றவள் கஜலட்சுமி, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை.

"எந்தத் தோட்டங்க?"

"கலஹாப் பக்கம்."

"அப்ப ஓரம் கருகியிருந்தாத்தான் எறங்கும்."

கருக்கியே கொண்டுவந்தாள். கூடவே காய்ந்த மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல், பால் விடாத சாயத் தண்ணி. இரண்டாவது ரொட்டி முடியும்வரை நான் தலை நிமிரவில்லை.

காசை எடுக்கப் போனபோது நானா கையை ஆட்டினார். "மில்லுலதானே வேல? அப்ப பொறகு பாத்துக்கொள்ளுவம்."

எனக்கு விளங்கிவிட்டது. தோட்டத்திலும் அப்படித்தான். அரிசி, மா, தேயிலைத்தூள், கோயில் காசு, சலவைக்காரர் காசு எல்லாவற்றையும் சம்பளத்திலேயே வெட்டிவிடுவார்கள். மில் முதலாளியும் இங்கேதானே தேத்தண்ணி குடிக்கிறார்? மாதம் முடிந்தபோது என் சம்பளம் குறைந்தும் இருந்தது. அது மழையால் வேலை நின்ற நாட்களுக்குக் குறைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. நானோ ரொட்டிக் காசு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். தினமும் சாப்பிட்டேன், கை கழுவினேன், "வர்றேங்க நானா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் கஜலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒங்க தைரியம் யாருக்கும் வராதுங்க. மாமியா வீட்டுக்கு வந்த மாப்பிள்ள மாதிரி தின்னுட்டுப் போறீங்களே!"

"ஏன், சம்பளத்துல வெட்டுறாங்கதானே?"

"யாரு வெட்டுறது? இது என்னா தோட்டத்து ஆபீசா?"

வாயில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. நானா உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "கஜா, தின்னுற மனிசனோட என்ன கத?"

"எவ்வளவு நானா?" என்றேன்.

யோசிக்காமலே அந்தத் தொகையைச் சொன்னார்.

"ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க வராம நிண்டுருவீங்க. முந்தி இவள் சுடுற ரொட்டி மிஞ்சித்தான் ஈக்கும். நிப்பாட்டத்தான் நான் நெனச்ச. நீங்க தின்னுறதப் பாத்துத்தானே மில்லு ஆக்கள் எல்லாம் கேக்குற."

அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் அடுத்த சம்பளம் வரும்வரை அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மறுநாள் காலை, பாண் துண்டோடு கடையைத் தாண்டும்போது கஜலட்சுமி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எங்க ஓடுறீங்க? கருக்குனத வேற எவன் திம்பான்? வாங்க உள்ள!"

போனேன். போகாமல் இருக்க முடியுமா? அன்றிலிருந்து சாப்பிடச் சாப்பிடவே காசு வைத்தேன். பழைய கடன் மட்டும் நின்றது.

சம்பள நாளில் நேரே கடைக்கு வந்தேன். என் கடனை என் கையாலேயே எண்ணிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. "பரவாயில்லை, வைங்க" என்று நானா ஒரு நோட்டைக்கூடத் திருப்பித் தரவில்லை. முழுவதையும் எண்ணி, மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். அதற்காகவும் அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"கணக்கு முடிஞ்ச," என்றார். "கஜா, ரொட்டி!"