வெள்ளை வெளேரென்று

"சோதனை ஜெயிச்சுடுச்சுன்னு நேத்து சாயங்காலம் இவ சொன்னதும் சிரிச்சாருங்க. அந்தச் சிரிப்போடயே போயிட்டார்." அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, உள்ளே வந்தவர்களிடமெல்லாம் அம்மா இதையே சொன்னாள்.

தலைமாட்டில் நின்ற மகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்பா வேதியியல் பேராசிரியர். அவளும் அவரிடமே படித்து, அதே கல்லூரியில், அதே துறையில் வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு மூலக்கூறைப் படிப்படியாகக் கட்டி எழுப்புவதில் அவர் பாதி ஆயுளைக் கரைத்துவிட்டார். கடைசிப் படி மட்டும் மசியவே இல்லை. எப்படிச் செய்தாலும் குடுவையில் தார்தான் மிஞ்சும். நேற்று மூச்சு வாங்கிக்கொண்டே, "வந்துச்சா?" என்று கேட்டார். சாகப்போகிற மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? "வந்துச்சுப்பா" என்றுவிட்டாள். அந்தப் பொய் அவரோடு போய்விடும் என்று நினைத்தாள். அம்மா அதை ஊரெல்லாம் பரப்பிக்கொண்டிருக்கிறாள்.

ஆய்வு மாணவர்கள் கும்பலாக வந்தார்கள். பின்னாலேயே துறைத்தலைவர். "இரங்கல் கூட்டத்துல இதைத்தான் அறிவிக்கப் போறோம். நீயே பேசிடும்மா," என்றார். நல்ல மனிதர், பாவம், கண் கலங்கியிருந்தது. அவளுக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கே ஓடினாலும் திங்கட்கிழமை அந்த ஆய்வுக்கூடத்துக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

அம்மா அவள் காதோரம் குனிந்தாள். "வண்டி வர்றதுக்குள்ள, சோதனையில வந்ததுல கொஞ்சம் எடுத்துட்டு வாடி. சட்டைப்பையில வச்சு அனுப்பலாம்."

பின்வாசல் வழியாகக் கல்லூரிக்குப் போனாள். அலமாரி நிறைய வெள்ளைப் பொடிகள். எதை அள்ளிக்கொண்டு போனாலும் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. கை போனது, மனசு வரவில்லை. குடுவையின் அடியில் ஒட்டியிருந்த கருப்புத் தாரைச் சுரண்டி ஒரு சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டாள். உண்மை தெரிந்தால் அம்மாவே வாயை மூடிக்கொள்வாள், தானும் தப்பிக்கலாம்.

அம்மா குப்பியை உள்ளங்கைக்குள் வைத்துப் பார்த்தாள்.

"வெள்ளையா, ஊசி ஊசியா வரும்பாரே?"

"வரலம்மா."

அம்மா அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குப்பியைச் சட்டைப்பையின் அடிவரைக்கும் தள்ளி, பையின் மூடிக்கும் பொத்தான் போட்டாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் பக்கம் திரும்பினாள்.

"நானே பார்த்துட்டேம்ப்பா. வெள்ளை வெளேர்னு இருக்கு."

யாரோ விசும்பினார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே மகளிடம், "விளைபொருள் எத்தனை சதவீதம் கிடைச்சுது மேடம்?" என்று கேட்டான். வேதியியல்காரர்கள் எழவு வீட்டிலும் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

மணிக்கட்டில் பிடி இறுகியது.

"நாப்பத்தொண்ணு," என்றாள் மகள்.

"கடைசிப் படிக்கு இது நல்ல அளவும்மா," என்றார் துறைத்தலைவர்.

கேட்ட பையன் அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.