ஏழு கிலோவுக்குள் ஒரு வானம்

பார்சல் ஆபீஸில் எனக்கு எடை போடும் வேலை. பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன், தராசு அப்புறம்தான் சொல்லும். அப்பேர்ப்பட்டவள் ஏமாந்த கதை இது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு நட்சத்திரப் பைத்தியம். டெலஸ்கோப் வாங்கி வானத்தைப் படம் பிடிக்க வேண்டும். கையில் இருப்பதோ கொஞ்சம், ஆசையோ ஆகாசம். அந்த மழைக்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சுதான். ஆளுயர டெலஸ்கோப் குழல் ஒன்று மலிவாக வந்தது, அதை வாங்கலாம் என்றேன்.

"அதை எதுமேல நிறுத்துவே? பூமி சுத்துது, நட்சத்திரம் நகர்ந்துகிட்டே இருக்கும். அதுகூடவே மெல்லத் திரும்புற மோட்டார் வேணும். அது சரியில்லேன்னா நட்சத்திரமெல்லாம் கோடு கோடா இழுத்துக்கும். முதல்ல மோட்டார், அப்புறம்தான் குழல்."

சரி என்று, மோட்டாரைப் புதிதாகவும் குழலைச் சின்னதாக, பழையதாகவும் வாங்கினோம். கேமரா ஏற்கெனவே இருந்தது. அப்புறம்தான் ஒரு நிபந்தனை போட்டார். எல்லாம் ஒரே பையில், ஏழு கிலோவுக்குள் அடங்க வேண்டுமாம்.

"எட்டு கிலோவானா என்னவாம்? குடியா முழுகிடும்?"

"நாலு மாடி ஏறி இறங்கணும், பஸ்ல ஏத்தணும். என் முதுகு வலி உனக்குத் தெரியாதா?"

முதுகு என்றதும் இளகிவிட்டேன். பாவி மனசு! ஊருக்கு வெளியே விளக்கே இல்லாத மைதானம் ஒன்று பார்த்து வைத்திருந்தோம். மாதம் ஒருமுறை அங்கே போவது, நாங்கள் இரண்டு பேர் மட்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் அண்ணன் குடும்பம் இல்லாமல் நாங்கள் எங்கேயும் போனதில்லை. அந்த மைதானத்துக்காகத்தான் நான் மாடாய் உழைத்தேன்.

ஆபீஸில் ஒதுக்கிப் போட்டிருந்த முள் தராசைக் கேட்டு வாங்கி வந்தேன். மோட்டாரைத் தாங்கும் இரும்பு முக்காலியைக் கொடுத்துவிட்டு லேசானது ஒன்று தேடிப் பிடித்தேன். குழலோடு வந்த தடித்த பெட்டியை ஓரம் கட்டிவிட்டு, பழைய போர்வையை வெட்டி உறை தைத்தேன். பையின் இடுப்புப் பட்டியைக்கூட அறுத்தெறிந்தேன். அப்படியும் முள் ஏழைத் தாண்டியது. பையில் சொருகியிருந்த இரண்டு மடக்கு ஸ்டூல்களில் ஒன்றை அவர் உருவினார்.

"இது வேண்டாமே."

"அப்போ நான் எங்க உக்கார்றது?"

"பார்த்துக்கலாம்."

"போங்க, உங்க மடியில உக்காந்துக்கறேன்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் ஆபீஸில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து கவுன்ட்டரில் ஸ்டாம்ப் குத்துகிறவளை நாங்கள் குண்டூசி என்போம். ஆளும் அப்படி, பேச்சும் அப்படி.

"ஏழு கிலோவா? வீட்ல யாரு பிளேன் ஏறுறாங்க, அக்கா?"

"பஸ்தான்டி."

"பஸ்ல எவன் எடை பார்த்தான்? ஏழு கிலோன்னா பிளேன்ல கையோட கொண்டு போற பையாச்சே!"

சுருக்கென்றது. வெளிநாடு போகிறவர்கள் எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன், "கைப்பையில ஏழு கிலோ வெச்சுக்குங்க, மிச்சத்தை பார்சல்ல போடுங்க" என்று! ஊருக்கெல்லாம் சொன்ன வாய். என் வீட்டுப் பையைப் பார்த்தபோது மட்டும் எனக்கு அது தோன்றவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் பையைத் தராசில் வைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எப்போ ஃப்ளைட்?"

அவர் கை அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"யார் சொன்னாங்கறதா இப்போ கேள்வி?"

"அடுத்த மாசம். நல்ல வேலை. மூணு வருஷ ஒப்பந்தம். குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. சொல்லலாம்னுதான் இருந்தேன்..."

"எங்க வெச்சு? ஏர்போர்ட்லயா? உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

அவர் குனிந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அதுவே பதில்.

"ஆக, எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நம்பவெச்சுக் கழுத்தறுக்கிறதுன்னு சொல்லுவாங்க. இங்க கத்தியை நானேல்ல தீட்டிக் குடுத்திருக்கேன்!"

"அழுவியேன்னுதான்மா சொல்லல. அங்க வானம் அவ்வளவு இருட்டு. படம் எடுத்து உனக்குத்தான் முதல்ல அனுப்புவேன்."

படமாம்! பத்து வீடு கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போலவும், போகாதீங்க என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுமே வரவில்லை. மூலையில் கிடந்த என் ஸ்டூலை எடுத்து வந்து, தராசில் இருந்த பையின் மேல் வைத்தேன். வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தார். "தாண்டுது" என்று, எத்தனையோ முறை சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டு, ஸ்டூலை எடுத்துக் கீழே வைத்தார்.

நான் அதில் உட்கார்ந்து அழுதேன்.