எட்டு மடிப்புக் கூடு

டெல்மர் ஹ்ருஸ்காவின் கையில் ஒரு காலித் தோட்டாக் கூட்டைக் கொடுத்துவிட்டால் போதும், மனிதருக்கு உலகமே மறந்துவிடும். முதலில் வாயைப் பார்ப்பார். சுட்டதில் விரிந்துபோன பிளாஸ்டிக் வாயில் எட்டு மடிப்பின் தடம் இருக்கவேண்டும். ஆறுதான் இருந்தால் முகத்தைச் சுளிப்பார். விளிம்பில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் அது குப்பை. அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எரிந்த ஓட்டை வழியாக எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். கடைசியாகச் சாவிக்கொத்தில் தொங்கும் காந்தம் வரும். அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டினால் அது அசல் பித்தளை இல்லை, முலாம் பூசிய இரும்பு. "ஏமாத்துக்காரப் பயலே" என்று கூட்டையே திட்டிவிட்டுத் தூக்கி எறிவார். இத்தனையிலும் தேறிய கூட்டில்தான் மறுபடி வெடிமருந்தும் ஈயரவையும் நிரப்பி, வாயை மடித்துச் சுடுவார். கடையில் புதுத் தோட்டா வாங்கிய ஞாபகமே அவருக்குக் கிடையாது. செத்துப்போன மனைவி ஆர்லீன், "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இதுல பாதிகூட என்னை உத்துப் பாக்கலியே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் துப்பாக்கிக் கிளப்பில் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். "விடு!" என்று கத்தினால் எதிரே குழியிலிருந்து ஒரு களிமண் தட்டு பறக்கும்; அது விழுவதற்குள் சுட்டு உடைக்கவேண்டும். ஒருவர் சுட்டதும் அவருக்கு வலப்பக்கம் நிற்பவரின் முறை; ஆளுக்கு ஐந்து தட்டு ஆனதும் எல்லோரும் ஓரிடம் வலப்பக்கம் நகர்வார்கள், கடைசி ஆள் முதலிடத்துக்கு வருவார். நெப்ராஸ்காவில் அந்தப் பக்கத்துக் காற்றுக்குத் தட்டு எந்தத் திசையில் போகும் என்று கடவுளுக்கும் தெரியாது. கிளப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. தரையில் விழுந்த கூடு கிளப்புக்குச் சொந்தம். அதைப் பெருக்கி மூட்டை கட்டி விற்றுத்தான் குளிர்காலத்தில் ஹீட்டர் போடுகிறார்கள்.

வெர்லீன் ஓல்ட்மன்ஸ், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள், விதவை. அவள் "விடு!" என்றால் குழிக்குள் இருக்கிற மெஷினே பயந்துபோய்த் தட்டை விட்டெறியும், குரல் அப்படி. அவள் போடுவது எட்டு மடிப்பு, ஒரே வார்ப்பு, அசல் பித்தளை அடி. கடையிலேயே உயர்ந்த ரகம். ஆனால் அவளுக்கு மருந்து நிரப்புகிற வேலையெல்லாம் தெரியாது. அவள் துப்பாக்கியோ ஆட்டோமேடிக். சுட்டதும் காலிக் கூட்டை வலப்பக்கம் வீசியெறியும். தரையில் விழுந்தால் கிளப்புக்குப் போய்விடும். விழுவதற்குள் பிடித்தால்?

அதனால்தான் டெல்மர் வாரம் தவறாமல் அவளுக்கு வலப்பக்கத்து இடத்துக்கே பெயர் கொடுப்பார். அவள் துப்பாக்கியைத் தூக்கியதும் இவர் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவார். லேசாகக் குனிந்து, தொப்பியை இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பார். கூடு தொப்பியில் விழும். சில சமயம் சுடச்சுடக் காதில் பட்டுவிட்டுத் தொப்பியில் விழும். இவர் தொப்பியை ஆட்டிக் காட்டுவார். வெர்லீன் திரும்பிப் பார்த்துக் களுக்கென்று சிரிப்பாள். இடம் மாறி மாறி வரிசை நகர்கையில், ஒரு கட்டத்தில் வெர்லீன் இந்தக் கோடிக்கும் டெல்மர் அந்தக் கோடிக்கும் போகவேண்டியிருக்கும். அப்போது கண்ணெதிரே ஐந்து நல்ல கூடுகள் புல்லில் விழுவதைப் பார்த்து அவர் முகம் செத்துப்போகும். "பாரு, பிரிஞ்சு நிக்கக்கூட முடியல மனுஷனால" என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் உருகுவார்கள்.

இந்த உருக்கம் ஊரெல்லாம் பரவியது தெரியாத ஒரே ஜீவன் டெல்மர்தான். ஒரு நாள் காப்பி குடிக்கையில் ஏலக்காரர் லைல் வாவ்ரா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஏம்பா டெல்மர், கல்யாணம் எப்போ?"

"யாருக்கு?"

"எனக்கா கேப்பேன்? எனக்குத்தான் ஆயிடுச்சே, அந்த வேதனைய வேற ஞாபகப்படுத்தற. உனக்கும் வெர்லீனுக்கும்தான்யா. சர்ச்சுல தேதியே குறிச்சுட்டாங்க."

டெல்மருக்குக் காப்பி புரையேறியது. "அட கர்மமே! நான் கூட்டுக்காக நிக்கறேன்யா அங்க!"

"கூட்டுக்காகவா? யார் காதுல பூ சுத்தற? ஒரு ஆம்பள வாரா வாரம் காதைச் சுட்டுக்கிட்டு, தொப்பியக் கழட்டி, குனிஞ்சு நிக்கறான். காலிக் கூட்டுக்காகன்னு சொன்னா கைக்குழந்தை சிரிக்கும்."

"சத்தியமாச் சொல்றேன்."

"அப்படின்னா அது இன்னும் மோசம். பாவம் அந்தம்மா, மனசுல ஆசைய வளத்துக்கிட்டு இருக்கு. ஒண்ணு மோதிரத்தை மாட்டு, இல்ல இடத்தைக் காலி பண்ணு. நான் நிக்கறேன் அங்க. நான் கல்யாணம் ஆனவன், என்னைப் பாத்து யாரும் ஏமாற மாட்டாங்க."

லைல் சுடுவது கடையிலேயே மட்டமான ரகம். அந்த ஆளுக்கு வெர்லீனின் கூடுகள் மேல் எத்தனை நாளாகக் கண் என்று டெல்மருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டார். கல்யாணம் வேண்டாம், கூடு வேண்டும். ஒளிவுமறைவில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டால் வெர்லீன் நியாயமானவள், கூட்டைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லமாட்டாள். மருந்து நிரப்பும் மெஷின் முன்னால் நின்று ஒத்திகையும் பார்த்துக்கொண்டார். மெஷின் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை வெர்லீன் உலர்பிளம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டி ஒன்றை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"வெர்லீன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சுற்றியிருந்த அத்தனை பேரும் சட்டென்று துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

"சொல்லுங்க."

"நான் உங்க பக்கத்துல நிக்கறது, தொப்பியக் கழட்டறது, எல்லாம் கூட்டுக்காகத்தான். வேற தப்பான எண்ணம் எதுவும் எனக்குக் கிடையாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். பாராட்டு வார்த்தை ஒன்று சொன்னால் நன்றாயிருக்குமே என்று, "உங்க கூடு ரொம்ப அருமையான கூடு" என்றும் சேர்த்தார். பெஞ்சில் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள்.

வெர்லீன் அந்தக் கொலாச்சியைத் தானே கடித்து, நிதானமாக மென்றாள். "வெறும் கூட்டுக்காக."

"ஆமா."

"வேற ஒண்ணுமே இல்ல."

"சத்தியமா ஒண்ணுமே இல்ல."

அவள் பையின் அடியில் கையை விட்டுத் துழாவி, வளைந்த ஒரு சின்ன எஃகுக் கிளிப்பை எடுத்தாள். துப்பாக்கியின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். டக்கென்று மாட்டிக்கொண்டது. கூடு வெளியே பறக்காமல் பிடித்து நிறுத்துகிற கிளிப். பக்கத்தில் நிற்பவன் மேல் பட்டுத் தொலையக்கூடாது என்று ஆட்டோமேடிக் வைத்திருக்கும் எல்லோரும் மாட்டுவதுதான்.

ஆட்டம் தொடங்கியது. வெர்லீன் சுட்டாள். கூடு எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. அதை அவள் இரண்டு விரலால் உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள். டெல்மர் பாதி கழற்றிய தொப்பியை மறுபடி தலையில் வைத்தார். கைகளை என்ன செய்வது என்றே தெரியவில்லை. அடுத்தடுத்து அவர் தவறவிட்ட தட்டுகளைப் பார்த்து, மதிப்பெண் சொல்லும் பெண்ணே "தப்பு" என்று சொல்லக் கூசினாள். கூடு போனதுதான் தன்னை ஆட்டிவைக்கிறது என்று அவர் முதலில் நினைத்துக்கொண்டார். மூன்றாவது இடத்துக்கு நகர்ந்தபோதுதான் விளங்கியது. சுட்டபிறகு அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. சிரிப்பதில்லை. அதுதான் விஷயம். அட, இந்த வயதில் இது என்னடா கண்றாவி என்று அவருக்கு அழுகை முட்டியது.

ஆட்டம் முடிந்ததும் அவள் பின்னாலேயே ஓடினார். "அந்தக் கிளிப்பு எப்போ வாங்கினீங்க?"

"துப்பாக்கியோடயே வந்தது."

"அப்போ இத்தன வருஷமா?"

"பைக்குள்ளதான் கிடந்தது." வெர்லீன் நின்று திரும்பினாள். பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கிற அந்தக் குரலில் பேசினாள். "மொதல் மொதல்ல என் பக்கத்துல வந்து நின்னப்போ நான் உருவின கூட்டை வாங்கிக் காந்தத்தை ஒட்டிப் பாத்துட்டு, திட்டி வீசினீங்களே, ஞாபகம் இருக்கா? அப்போ நானும் லைல் மாதிரி மட்டமானதுதான் சுட்டுட்டிருந்தேன். மறுநாளே கடைக்குப் போய், இந்த ஆளு எதைத் தூக்கிப்போட மாட்டாருன்னு கேட்டு வாங்கினேன். அன்னிக்கே கிளிப்பையும் கழட்டிட்டேன். பஸ் ஓட்டின பென்ஷன்ல அத்தன விலைக்குத் தோட்டா! நல்ல கூடு தானா வந்து விழுதுன்னா நெனச்ச? மீனுக்குப் புழு வைக்கறதில்லையா மனுஷா?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று டெல்மருக்குத் தெரியவில்லை.

"கிளிப்பைக் கழட்டிடேன்" என்றார்.

"எதுக்கு? கூட்டுக்கா, எனக்கா?"

டெல்மர் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் திருகினார். வெர்லீன் அந்தத் தொப்பியைப் பார்த்தாள். "சரி, வாயால சொல்லாட்டிப் போ. லைல்! உன் தோட்டால ஒரு கைப்பிடி குடு!"

அடுத்த ஆட்டத்துக்கு டெல்மர் அதே இடத்துக்குப் பெயர் கொடுத்தார். வெர்லீன் கிளிப்பைக் கழற்றினாள், லைலின் தோட்டாவைப் போட்டாள். டெல்மர் தொப்பியை நீட்டினார். "விடு!"

தட்டு தூள்தூளானது. கூடு அவர் காதில் பட்டுத் தொப்பிக்குள் விழுந்தது. பழக்க தோஷம், எடுத்துப் பார்த்தார். ஆறு மடிப்பு. வாயில் நகம் நுழைகிற வெடிப்பு. அடியில் துரு வேறு. காந்தத்தை எடுக்கவே வேண்டியதில்லை. அவர் அதை ஊதிச் சட்டைப்பைக்குள் போட்டு, மேலே பொத்தானையும் மாட்டிக்கொண்டார். வெர்லீன் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அட மடையா, அதுல ஒரு தடவைகூட மருந்து நிரப்ப முடியாதுய்யா!" என்று பின்னாலிருந்து கத்தினார் லைல்.

"யாருடா நிரப்பப் போறது?" என்றார் டெல்மர்.