தண்ணீர் என்று எழுதிய கேன்கள்

பழைய படுக்கை விரிப்பை இந்திஸார் நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தாள். இறந்தவரின் மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் கையில் சுற்றிக்கொள்ளத் துணி கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை துணி கிழியும்போதும் கூடத்துப் பெண்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

“மதினி, கவலய விடுங்க. தண்ணி கெடச்சிருச்சு.” கதவுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டு, துணிகளை வாங்கிக்கொண்டு போனான் கொழுந்தன் நாயிஃப்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவர்கள் தெருவுக்கு வியாழக்கிழமைதான் தண்ணீர் வரும். இன்று செவ்வாய். மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் போட்டு நேற்று அவள் கணவர் ஃபவ்வாஸின் போர்வைகளைத் துவைத்துவிட்டாள். விடிந்தால் அவருக்குப் போர்வை தேவைப்படாது என்று யாருக்குத் தெரியும்? மொட்டைமாடித் தொட்டியைத் தட்டினால் டங்கென்று வெறும் தகரச் சத்தம்தான் வந்தது. ஸர்கா நகரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அழுகைக்கு முன்னால் வருகிற கேள்வி தண்ணீர் இருக்கிறதா என்பதுதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. விடியலில் அந்த இருமல் நின்றபோது மனதுக்குள் வந்தது ஒரே ஒரு சொல்: அப்பாடா. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வந்துவிட்டது. அவர் படும் பாடு முடிந்ததே என்றுதான் அப்படித் தோன்றியது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அது பாதி உண்மை. மறுபாதி அதற்கடியில் கிடந்தது. அதைத் தொட அவளுக்கு வெட்கமாக இருந்தது. இனி அந்த ஸ்டோரைக் காலி பண்ணலாம்.

வீட்டின் பக்கவாட்டில், சந்துப் பக்கம் பார்த்த இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தது ஸ்டோர். ஃபவ்வாஸ் செத்துப்போன கார் பேட்டரிகளுக்கு உயிர் கொடுக்கிறவர். மூடியைத் திறந்து, ஆசிட்டை வெளியே கொட்டி, ஈயத் தகடுகளை மாற்றி அடுக்கி, மறுபடி மூடி விற்பார். கடைவீதியில் கடை வைத்திருந்தார். பிறகு சட்டம் வந்தது. புது பேட்டரி விற்கிறவன் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதைத் திறக்கக்கூடாது, ஆசிட்டைக் கொட்டக்கூடாது. உரிமம் பெற்ற வண்டி வரும்போது முழுசாக ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

“பேட்டரியத் தொறக்காதேன்னா அது ஏன் செத்துச்சுன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? காப்பிக் கோப்பையக் கவுத்துக் குறி பாக்கவா?” என்று அதிகாரியின் முகத்துக்கு நேராகவே கேட்டார். கடைக்கு சீல் வைத்தார்கள். பேட்டரிகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சில்லறையில் ஆசிட் விற்பதும் குற்றமான பிறகு, அதற்கு அவர் வைத்த பெயர் ‘தண்ணி’. “தண்ணி வந்திருக்கு, வந்து எடுத்துக்கோ” என்று ஃபோனில் பேசுவார். மஞ்சள் கேன்களிலும் கறுப்பு மையால் அதையே எழுதி வைத்தார். அந்த வீட்டில் வருஷக்கணக்கில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம்.

மகள் ஷுரூக் கூடத்து மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மானிலிருந்து தனியாக வந்திருந்தாள். பேத்தி மைஸுக்கு நாலு வயதிருக்கும்போது இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்ல யாராவது பேட்டரி வேலை பாக்கறாங்களா?” என்பதுதான். இரத்தத்தில் ஈயம். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாகக் குழந்தை இந்த வாசற்படியை மிதிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் இந்திஸார் கணவரிடம் சொன்னாள்: “அந்த பேட்டரிங்க போகணும், இல்லேன்னா நான் போறேன்.” அவர் ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்து மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோனது.

“மைஸ எங்க விட்டுட்டு வந்தே?” என்றாள் இந்திஸார்.

“மாமியார்கிட்ட. காலைல அவ என்ன கேட்டா தெரியுமா யம்மா? தாத்தா செத்துட்டா அந்த வீடு நல்ல வீடாயிடுமான்னு கேட்டா.” ஷுரூக் முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். “அடிக்கக் கை ஓங்கிட்டேன். அப்பறம் என்னால அடிக்க முடியல.”

அதற்குள் பக்கத்து வீட்டு உம்மு லுத்ஃபி முற்றத்திலிருந்து மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கறுப்புக் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“இப்பிடி ஒரு மனுஷன நான் பாத்ததில்லம்மா. தன் குளிப்புக்கு வேண்டிய தண்ணிய தானே சேத்து வச்சிட்டுப் போயிருக்காரு. ஸ்டோர்ல மூணு மஞ்சக் கேன். ‘தண்ணி’ன்னு கொட்டை எழுத்துல மேலேயே எழுதியிருக்கு. நாயிஃப் இப்பத்தான் தூக்கிட்டுப் போச்சு.”

இந்திஸார் எழுந்துவிட்டாள்.

நாயிஃப் அம்மானில் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். அண்ணனின் தொழில் நுணுக்கமும் தெரியாது, அண்ணனின் பாஷையும் தெரியாது. தண்ணி என்று எழுதியிருந்தால் அவனுக்கு அது தண்ணீர்.

“எங்கடீ ஓடறே? உள்ள ஆம்பளைங்க இருக்காங்க!”

அவள் ஓடினாள். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. முற்றத்தில் ஒரு மஞ்சள் கேன் மூடி கழன்று படுத்துக் கிடந்தது. அது காலி. குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தமும், அதனூடே ஓதும் சத்தமும் கேட்டன.

“ஹாஜி! நிறுத்துங்க! ஊத்தாதீங்க!” இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். “அது தண்ணி இல்ல, ஆசிட்டு!”

ஓதல் நின்றது. “மதினி, நீங்க போய் உக்காருங்க,” என்றது நாயிஃபின் குரல், நோயாளியிடம் பேசுவதுபோல. “துக்கத்துல உங்களுக்கு என்னமோ…”

“கதவத் தெறடா!”

அவனை அவள் ‘டா’ போட்டது முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தாழ்ப்பாள் விலகியது. திறந்தவர் குளிப்பாட்டும் ஹாஜி ஸுப்ஹி. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். “பொண்டாட்டிதானே, வரலாம், தப்பில்ல. நீ கொஞ்சம் தள்ளு,” என்று நாயிஃபை விலக்கினார்.

முதல் குளிப்பு முடிந்திருந்தது. இடுப்பை மூடிய துணி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அவள் மார்பைப் பார்த்தாள். தோல் சிவந்திருக்கும், கொப்பளித்திருக்கும், துணியில் விழும் ஓட்டைகளைப்போல ஓட்டை விழுந்திருக்கும் என்று எதை எதையோ எதிர்பார்த்து வந்திருந்தாள். ஒன்றும் இல்லை. நரைத்த மயிர் நனைந்து ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் குளித்துவிட்டு வந்து துண்டு கேட்பாரே, அப்படி.

வாளிக்குள் கையை விட்டாள். சோப்புத்தூளில் வெடித்துப்போன ஆள்காட்டி விரலில் எரியவேண்டும். காத்திருந்தாள். எரியவில்லை. விரலை எடுத்து நாக்கில் வைத்தாள். கொஞ்சம் பிளாஸ்டிக் வாடை, வெதுவெதுப்பு. வேறொன்றும் இல்லை.

தண்ணீர்.

“நாப்பது வருஷமா மய்யித்து குளிப்பாட்டறேம்மா,” என்றார் ஹாஜி. கோபமில்லை, லேசான மனத்தாங்கல்தான். “சூடு பதமா இருக்கான்னு முதல்ல என் மணிக்கட்டுலதான் ஊத்திப் பாப்பேன். ஆசிட்டா இருந்தா இந்நேரம் எனக்குத்தானே நீங்க குளிப்பாட்ட ஆள் தேடியிருக்கணும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் அது வேறொன்றாக மாறியது. ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத கண்ணீர் இப்போது, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, தடுக்க முடியாமல் வந்தது.

“ஸ்டோர்ல ஆசிட்டு ஏது மதினி? மூணு கேனத் தவிர காலியாத்தானே கெடக்கு,” என்றான் நாயிஃப்.

“காலியா?”

“கழுவி விட்ட மாதிரி.”

அவள் ஹாஜியைப் பார்த்தாள், அவரிடம் விடை இருப்பதுபோல. அவர் செம்பை அவள் பக்கம் நீட்டினார். “உள்ள வந்தாச்சு. அடுத்த தண்ணிய நீங்களே ஊத்துங்க. வலது தோள்லேர்ந்து.”

ஊற்றினாள். தண்ணீர் தோளில் விழுந்து, விலா வழியாக ஓடி, விரல்களில் சொட்டியது. விரல் நுனிகள் கறுப்பாகவே இருந்தன.

“எவ்வளவோ தேச்சுப் பாத்துட்டேன்,” என்றார் ஹாஜி.

“விடுங்க. அது போகாது.”

நண்பகல் லுஹர் தொழுகைக்கு ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகு, வீடு சட்டென்று பெரிதானதுபோல் இருந்தது. உம்மு லுத்ஃபி பாத்திரம் கழுவத் தன் வீட்டிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தாள். இந்திஸார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஸ்டோர் எப்ப காலியாச்சு?”

“என்னைக் கேக்கறியா? முழங்காலுக்கு ஊசி போட நீ இர்பிதுக்கு உன் தங்கச்சி வீட்டுக்குப் போனியே, அந்த வாரம். பச்சைக் கலர் லாரி வந்துச்சு. கையில உறை, வாயில உறை போட்ட ரெண்டு பேர். நாள் முழுக்க ஏத்தினாங்க. தொறந்த பேட்டரிய சும்மா எடுக்க முடியாது, தனிப் பெட்டி வேணும்னு சொல்லிட்டு, மறுநாள் மறுபடி வந்தாங்க. பீப்பாய்ல ஆசிட்ட ஊத்திக்கிட்டுப் போனாங்க.” உம்மு லுத்ஃபி நிறுத்தினாள். “உனக்குத் தெரியாதா? அவரு உன்கிட்ட சொல்லலியா?”

“அவருக்கும் அவங்களுக்கும் சண்டை வரலியா?”

“சண்டையா? டீ போட்டுக் குடுத்தாரு. அதைப் பாத்துத்தான் எனக்குப் பயமே வந்துச்சு, மனுஷனுக்கு உடம்புக்கு என்னவோன்னு. அவங்க போனப்பறம் சலவை சோடாவக் கரைச்சுத் தரையக் கழுவினாரு பாரு, நொரை என் வாசல் வரைக்கும்! உங்க வீட்டுத் தண்ணி, எங்க வீட்டுத் தண்ணி, எல்லாம் போச்சு. ‘அபூ ஷுரூக், காபாவையா கழுவறே?’ன்னு கத்தினேன். ‘மூணு தடவ கழுவணும்னு சொல்லியிருக்காங்க, ரெண்டு தடவதான் ஆயிருக்கு’ன்னாரு. அடுத்த வியாழக்கெழமை அந்தக் கேன்களையும் கழுவி, மூணாவது தடவைக்குத் தண்ணி புடிச்சு வச்சாரு. அப்பறம்தான் படுத்துட்டாரே.”

இந்திஸார் அவள் மணிக்கட்டை விட்டாள். ஊரிலிருந்து திரும்பிய அன்று அவர் கட்டிலில் கிடந்தார். அவர் மேல் சோடா வாடை அடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவரும் லாரி வந்ததைச் சொல்லவில்லை. தோற்றுப்போனேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் இது தோல்விதானா என்று இப்போது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“ஷுரூக், வா,” என்றாள்.

ஸ்டோரின் சாவி பூட்டிலேயே இருந்தது. ஷுரூக் படியில் நின்றுகொண்டாள். பழக்கத்தில் முக்காட்டை மூக்கின் மேல் இழுத்துக்கொண்டாள். பிறகு மெல்ல விலக்கினாள். மூக்கை அரிக்கும் அந்த நெடி இல்லை. சிமெண்டுத் தரை வெளிறிக் காய்ந்திருந்தது. இருநூறு பேட்டரிகள் அடுக்கியிருந்த இடத்தில் வெறும் வெளிச்சம் விழுந்து கிடந்தது.

ஆணியில் ஒரு ரசீது தொங்கியது. பேட்டரிகளை ஒப்படைத்ததற்கான நகல். ஷுரூக் அதை எடுத்து வாசித்தாள். “ஒப்படைத்தவர்: ஃபவ்வாஸ்… இடம்: கடை, பட்டறை, கிடங்கு, இதுல ஒண்ணுக்குக் கோடு போடணும். எதுக்கும் போடல யம்மா. பக்கத்துல கையால எழுதியிருக்காரு.”

“என்னன்னு?”

“வீடு.”

இந்திஸார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு சுவரிலும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஆனால் முழுக்க இல்லை. தரையிலிருந்து அவள் மார்பு உயரம் வரைக்கும்தான். அங்கே கயிறு பிடித்ததுபோல ஒரே நேராக முடிந்திருந்தது. அதற்கு மேல் கூரை வரைக்கும் பழைய கறுப்பு. சுண்ணாம்பு தீர்ந்துபோயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். மூலையில் அரை வாளிச் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது.

ஷுரூக் அருகே வந்து, வெள்ளை முடிந்த கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

“மைஸ் இப்ப இன்னும் வளந்துட்டா யம்மா,” என்றாள். “கையத் தூக்கினா இந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேல தொடுவா.”

“ரெண்டு வருஷமா அவரு அவள எங்க பாத்தாரு.”

“இந்த ரூமப் பூட்டியே வைக்கணும். ஆள் வந்து பாத்து, ஈயம் இல்லேன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த ரூமுக்குள்ள மட்டும் அவள விடமாட்டேன்.” மகளின் குரல் கறாராக இருந்தது. ஆனால் அவள் ஏற்கெனவே பையிலிருந்து ஃபோனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டிருந்தாள். “ஹலோ… ஆமா, மய்யித்த எடுத்துட்டாங்க… இப்பத்தான். கேளுங்க, மைஸக் கூட்டிட்டு வரும்போது அவளுக்கு ராத்திரிச் சட்டையும் எடுத்துட்டு வாங்க. ஆமா, இங்கதான்.”

இந்திஸார் கூடத்துக்குத் திரும்பினாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்காரும்போது உம்மு லுத்ஃபி அவள் கறுப்பு அங்கியின் முழங்கையைக் காட்டி, “என்னடி, சுண்ணாம்பு,” என்று தட்டிவிடக் கையை நீட்டினாள். இந்திஸார் கையை மெல்ல மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, காப்பி வாங்கிக்கொண்டாள்.